எல்லாரும் ஒரு புள்ளி: பல்கலைக்கழகத்தின் நீண்டகாலத் திட்டத்தை வளாகத்தோடு சேர்ந்து எழுதுவது எப்படி

வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். ஒருநாள் பதிவாளர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். பல்கலைக்கழகத்தின் அடுத்த 15 ஆண்டுகளுக்கான திட்டம் தயாரிக்கக் குழு அமைத்திருக்கிறார்கள், ஒருங்கிணைப்பாளர் நீங்கள். உடனே கை தேடுவது பழைய நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அவை) அறிக்கையையும், நாலைந்து பெரிய பல்கலைக்கழகங்களின் திட்ட அறிக்கைகளையும்தான். அவற்றை வெட்டி ஒட்டினால் இரண்டே மாதத்தில் நூற்றைம்பது பக்கம் அச்சாகிவிடும். அப்படி அச்சான ஒன்றை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

காரைக்குடிக்கு வருவதற்கு முன் வேறோர் ஊரில், ஒரு கல்வி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஆறு பேர் விருந்தினர் இல்லத்தில் உட்கார்ந்து எழுதிய அந்தத் திட்டத்தில், நூலகத்தை இரவு 9 மணிவரை திறந்துவைப்பது ஒரு முக்கிய இலக்கு. கூடுதலாக விளக்குப் போட்டோம், இரண்டு பேரை மாலைப் பணிக்கு வைத்தோம். ஆறரை மணிக்கு மேல் வாசிப்பறையில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. மூன்று மாதம் கழித்து ஒரு முதுகலை மாணவியிடம் காரணம் கேட்டேன். "எங்க ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஆறு இருபதுக்கு சார். அதை விட்டா அப்பா வண்டி எடுத்துட்டு வரணும்" என்றார். அதே பிள்ளைகள் காலை முதல் பஸ்ஸில் வந்து, எட்டு மணிக்கு முன்பே பூட்டிய நூலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததை நாங்கள் ஆறு பேரும் தினமும் பார்த்தவர்கள்தாம். கேட்கத் தோன்றவில்லை.

இனி அந்தத் தவறு நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். செட்டிநாட்டில், அதாவது காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இப்படியொரு பொறுப்பை முதன்முதலாக ஏற்கிறவருக்கு என்ன தேவைப்படும் என்பதை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

ஏன் எல்லாரையும் கேட்க வேண்டும்

துணைவேந்தரின் பதவிக்காலம் 3 ஆண்டு. 15 ஆண்டுத் திட்டம் என்றால் அது ஐந்து துணைவேந்தர்களைப் பார்க்கும். மாணவர் இரண்டு, மூன்று ஆண்டில் போய்விடுவார். பதிவாளர், நிதி அலுவலர், தேர்வாணையர் எல்லாரும் மாறுவார்கள். இத்தனை பேர் மாறும்போது திட்டத்தை நினைவில் வைத்திருக்கப்போவது யார்? முப்பது ஆண்டு அதே துறையில் இருக்கப்போகும் ஆசிரியர், அலுவலக உதவியாளர், ஆய்வகப் பணியாளர், விடுதிச் சமையல்காரர், வளாகத்தை ஒட்டியுள்ள ஊர்க்காரர். அவர்கள் வாயிலிருந்து வந்த திட்டமானால், புதிய துணைவேந்தரிடம் போய் "ஐயா, இது நாங்க கூடி முடிவு பண்ணினது" என்று அவர்களே சொல்வார்கள். விருந்தினர் இல்லத்தில் எழுதியதைப் பற்றி யாரும் அப்படிப் போய் நிற்க மாட்டார்கள்.

விதிகளும் இதையே கேட்கின்றன. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நிறுவன வளர்ச்சித் திட்டத்தை ஆட்சிக்குழுவினர், நிர்வாகிகள், ஆசிரியர், மாணவர், பணியாளர் எல்லாரும் கூடித் தயாரிக்க வேண்டும் என்று அதில் உள்ள வரி சரியான வரி. அத்தகைய திட்டத்துக்கான வழிகாட்டு நெறிகளை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2024இல் வெளியிட்டது. நாக் மதிப்பீட்டில் ஆளுகை, தலைமை, மேலாண்மை பற்றிய ஆறாவது அளவுகோலின் கீழ், திட்டம் இருக்கிறதா என்பதோடு அது நடைமுறைக்கு வந்ததா என்றும் கேட்கிறார்கள்.

செட்டிநாட்டுக்கு இது புதிதும் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் ஒரு கூட்டத்தில், காரைக்குடியில் கல்லூரி தொடங்குவேன் என்று அறிவித்தார். அந்த ஆகஸ்டிலேயே வகுப்பு நடந்தது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஒருவர் மனம் வைத்தார், ஊருக்குக் கல்வி வந்தது. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தின் மூலம் உருவான பிறகு, நிலமும் பணமும் பொதுச்சொத்து. முடிவும் பொதுவில்தான் எடுக்கப்பட வேண்டும். அதற்கும் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. குன்றக்குடி மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார் (1925–1995) தம் ஊருக்கான வளர்ச்சித் திட்டத்தை ஊராரையும் மின்வேதியியல் ஆய்வக விஞ்ஞானிகளையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்தினார். அது குன்றக்குடி மாதிரி என்று பெயர் பெற்றது. மடமும் ஆய்வகமும் விவசாயியும் ஒரே பாயில் உட்கார முடிந்த மண்ணில், பேராசிரியரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே அறையில் உட்கார முடியாதா?

முதல் படி: எழுத்தில் ஓர் உத்தரவு வாங்குங்கள்

ஒரு நாற்காலியையும் நகர்த்துவதற்கு முன் துணைவேந்தரைப் பார்த்து மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். எவையெல்லாம் திறந்த கேள்விகள், எவையெல்லாம் ஏற்கெனவே முடிவானவை, கடைசி முடிவு யார் கையில்.

இரண்டாவதுதான் பலருக்கும் தெரிவதில்லை. 69 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டம். அது விவாதப் பொருள் அல்ல. நிரந்தரப் பணியிடங்களுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழகம் தானாக உருவாக்க முடியாது. இதையெல்லாம் மறைத்துவிட்டு "எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்று கேட்டால், மக்கள் மனதாரச் சொல்வார்கள். பிறகு ஒன்றும் நடக்காதபோது மனம் வெறுத்துப்போவார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் வர மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக விளக்கினார். கீழ்ப்படிகளில் மக்களை அழைத்துச் சமாதானப்படுத்தி அனுப்புகிறார்கள். நடுவில் கருத்துக் கேட்கிறார்கள். மேலே போகப் போக முடிவெடுக்கும் அதிகாரத்தையே பகிர்ந்துகொள்கிறார்கள். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை முதல் கூட்டத்தின் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். "உங்கள் கருத்தைக் கேட்கிறோம், முடிவு ஆட்சிக்குழுவுடையது, ஆனால் ஒவ்வொரு கருத்துக்கும் பதில் வரும்" என்பது நேர்மையான வாக்குறுதி. அதைக் காப்பாற்றவும் முடியும்.

இரண்டாம் படி: புள்ளி எடுங்கள்

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் தம் நகரக் கோயிலில் ஒரு புள்ளி. பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி, மாத்தூர் என்று ஒன்பது கோயில்களிலும் இந்தக் கணக்கு உண்டு. கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போனவருக்கும் இங்கே புள்ளி இருந்தது. கோயில் செலவில் அவர் பங்கும் இருந்தது. கடல் தாண்டிப் போனவரைக் கணக்கிலிருந்து யாரும் அடித்துவிடவில்லை. திட்டமிடுகிறவர்கள் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மாற வேண்டும். அந்தப் பேரேடு ஒரு சமூகத்துக்குள் எடுத்த கணக்கு. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிறவரும் காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறவரும் அதில் இல்லை. நம் ஏட்டில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் முதல் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நீள நோட்டுப் போடுங்கள். ஆசிரியர், மாணவர், அலுவலர் என்ற மூன்று தலைப்பு எல்லாருக்கும் உடனே தோன்றும். விடுபடுகிறவர்களைத் தேடுவதுதான் வேலை. என் அனுபவத்தில் வழக்கமாக விடுபடுகிறவர்கள்: கௌரவ விரிவுரையாளர்கள், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், விடுதிச் சமையலறையில் இருப்பவர்கள், முழுநேர ஆய்வு மாணவர்கள், தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவர்கள், மாற்றுத்திறனாளி மாணவர்கள், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இணைப்புக் கல்லூரிகளின் ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்றும் இதே ஊரில் இருக்கிறவர்கள், வளாகத்துக்கு எதிரே டீக்கடையும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருப்பவர்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. குடிநீர், சாலை, பேருந்து எல்லாவற்றிலும் வளாகத்தின் எதிர்காலம் ஊரோடு பின்னியிருக்கிறது. எனவே மாநகராட்சி அலுவலர்களும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் இந்த நோட்டில் வர வேண்டும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே இரண்டு குறிப்பு எழுதுங்கள். இவர்களை எங்கே, எந்த நேரத்தில் பார்க்க முடியும்? இவர்கள் பேசத் தயங்கக் காரணம் என்ன? இரண்டாவது குறிப்பு இல்லாத நோட்டு வெறும் தொலைபேசிப் பட்டியல்.

மூன்றாம் படி: ஒரே ஒரு தாளில் நிலவரம்

வெறும் கையோடு போய் "2040இல் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டால் யாருக்கும் பேச்சு வராது. முன்கூட்டியே ஒரு தாளில், நல்ல தமிழில், இன்றைய நிலவரத்தை அச்சடித்துக் கொடுங்கள். மாணவர் எண்ணிக்கை பத்தாண்டில் எப்படி மாறியிருக்கிறது, எத்தனைப் பணியிடம் காலி, வரவு எங்கிருந்து, செலவில் சம்பளமும் ஓய்வூதியமும் எவ்வளவு, கோடையில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் நிற்கிறது. மறைக்க வேண்டிய எண் என்று எதுவும் இல்லை. மறைத்தால் அது டீக்கடையில் இரு மடங்காகச் சுற்றும்.

அந்தத் தாளில் இரண்டு எண்களைத் தவறாமல் சேருங்கள். தமிழ்நாட்டில் உயர்கல்விக்கு வரும் இளைஞர்களின் விகிதம், 2021–22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 47 விழுக்காடு. இந்திய அளவில் அது 28.4. இன்னொன்று, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.5க்கும் குறைவுதான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கல்லூரிக்கு வருகிறவர்களின் விகிதம் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது. வருங்காலத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளே குறைவாக இருப்பார்கள். இடங்கள் தானாக நிரம்பிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2040இல் முதலாண்டு சேரப்போகும் பிள்ளை இப்போது அங்கன்வாடிப் பருவத்தில் இருக்கிறது. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, அதுவரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூத்த பேராசிரியர் தாளை எடுத்து மறுபடி படித்தார். அதன் பிறகு நடந்ததுதான் உண்மையான பேச்சு.

நான்காம் படி: முதலில் தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள்

இதை எந்த வழிகாட்டு நெறியிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே முடியாது. நீங்கள் 2040 பற்றிக் கேட்பீர்கள். மாணவிகள் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பார்கள். கௌரவ விரிவுரையாளர் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்பார். பணியாளர் சங்கம் பதவி உயர்வுப் பட்டியலை நீட்டும். "அதெல்லாம் இப்போ வேண்டாம், தொலைநோக்கு பற்றிப் பேசுவோம்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காலால் அடைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் பதினைந்து ஆண்டு கழித்து வரும் கட்டடத்தைப் பற்றிப் பேசுவது அவரை அவமதிப்பது.

"உடனடி வேலைகள்" என்று தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். வந்ததையெல்லாம் அதில் எழுதி, அந்த வாரமே பதிவாளரிடம் கொடுங்கள். அவரிடம் முன்பே பேசி வைத்து, முதல் மாதத்துக்குள் இரண்டு மூன்றாவது நடந்தேறும்படி பாருங்கள். ஒரு விடுதியில் பதினோரு தாழ்ப்பாள் மாற்றினார்கள். ஆன செலவு ஒரு கருத்தரங்கின் பொன்னாடைச் செலவைவிடக் குறைவு. அடுத்த கூட்டத்துக்கு அந்த விடுதியிலிருந்து வந்தவர்கள் உட்கார இடம் போதவில்லை.

ஆசிரியர் சங்கங்களுக்கும் பணியாளர் சங்கங்களுக்கும் முதல் கடிதம் போக வேண்டும். அவர்களைத் தாண்டி நேராக உறுப்பினர்களிடம் போனால் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைப் போக்க ஓராண்டு ஆகும்.

ஐந்தாம் படி: கூட்டம் போடுவதும் கேட்பதும்

பெரிய அரங்கில், குத்துவிளக்கேற்றி, வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை என்று நடத்தும் கூட்டத்தில் கருத்து வராது. மேடை இருந்தால் கீழே இருப்பவர் பேச மாட்டார். 12 முதல் 15 பேர், வட்டமாக உட்காருதல், ஒன்றரை மணி நேரம், இதுதான் அளவு. இரண்டு பேர் நடத்துங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. எழுதுகிறவர் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி சுவரில் சார்ட் ஒட்டி, சொன்னவரின் வார்த்தையிலேயே எழுத வேண்டும். "பஸ் இல்ல" என்றால் "பஸ் இல்ல" என்றே இருக்கட்டும். அதைப் "போக்குவரத்து வசதி மேம்பாடு" என்று அங்கேயே மாற்றினால், சொன்னவருக்கு அது தன் சொல்லாகத் தெரியாது.

துறைத் தலைவரையும் அவர் துறையின் ஆய்வு மாணவரையும் ஒரே வட்டத்தில் உட்காரவைக்காதீர்கள். ஒப்பந்தப் பணியாளர்களை ஒப்பந்தக்காரரோ மேற்பார்வையாளரோ இல்லாத இடத்தில், வேலை நேரத்துக்குள், கூலி பிடிக்காமல் சந்தியுங்கள். வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால், வீட்டில் பிள்ளை காத்திருக்கிற நேரத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

தொடங்கியதும் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். ஆளுக்கு இரண்டு துண்டுச்சீட்டு. மனதில் உள்ளதை எழுதட்டும். எழுத வராதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதித் தரட்டும். இதைச் செய்யாவிட்டால், எப்போதும் பேசுகிற நாலு பேரே பேசிக்கொண்டிருப்பார்கள்.

கேள்விகளில் கவனம் வேண்டும். "உங்கள் தொலைநோக்கு என்ன?" என்பது பதில் வராத கேள்வி. நான் கேட்பவை இவை: உங்கள் தம்பி தங்கையை இங்கே சேர்ப்பீர்களா, மாட்டீர்களானால் ஏன்? இந்த வளாகத்தில் எது போனால் உங்களுக்கு அழுகை வரும்? உங்கள் வேலையில் ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்கிற இடம் எது? பத்து லட்சம் ரூபாய் உங்கள் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? ஒரு கோடி என்றால்? பழைய மாணவர்களிடம் ஒன்று சேர்த்துக் கேளுங்கள்: இன்று உங்கள் வேலைக்குத் தேவைப்படுவதில் எதை நாங்கள் கற்றுத்தரவில்லை? சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன். துபாயில் ஒன்றரை மணி நேரம் பின். ஞாயிறு மாலை 5 மணி காணொளிச் சந்திப்பு இரு பக்கமும் ஒத்துவரும்.

இனி, கேட்டதில் நான் மறக்காத ஒன்று. புதிய விடுதிக் கட்டடம் ஒன்று திட்டத்தில் முதலிடத்தில் இருந்தது. படிவங்களில் பலரும் அதைக் கேட்டிருந்தார்கள். சமையலறைப் பணியாளர்களோடு பேசுவதற்காக, மதியப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, பின்கட்டில் கீழே உட்கார்ந்தோம். இருபது ஆண்டாக அங்கே சமைக்கிற அம்மா ஒருவர் முதலில் பேசவே இல்லை. கடைசியில் எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். தினமும் உலையில் போடுகிற அரிசிக் கணக்கு. "வியாழக்கிழமை ராத்திரி பாருங்க சார், அப்புறம் வெள்ளிக்கிழமையைப் பாருங்க. பாதிதான். ஞாயித்துக்கிழமை அதுவும் இல்ல." ஏன் என்று கேட்டோம். "பிள்ளைக வேலைக்குப் போகுதுக சார். பையங்க கல்யாண வீட்டுல பரிமாறப் போறாங்க, பொண்ணுங்க ஜவுளிக்கடைக்கு. ஃபீஸ் கட்டணும்ல." விடுதியில் வெள்ளி முதல் ஞாயிறு வரை பாதிக் கட்டில் காலி என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அரிசி நோட்டில் இருந்தது. பிறகு மாணவர்களிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்தோம். புதிய கட்டடம் பட்டியலில் கீழே இறங்கியது. வளாகத்துக்குள்ளேயே நூலகம், ஆய்வகம், கணினி மையத்தில் மாணவர்களுக்கு ஊதியத்தோடு பகுதிநேர வேலை தருவது மேலே ஏறியது. கட்டடத்தைவிட அதற்குச் செலவு குறைவு. படிப்பை விட்டுப் போகாமல் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான்.

ஆன்லைன் படிவம் வேண்டும்தான். தமிழில், பத்து கேள்விக்கு மிகாமல். ஆனால் அது துணைக்கு மட்டும். ஒரே வீட்டில் ஒரு போனைப் பகிர்ந்துகொள்கிற பிள்ளைகளும், படிவம் என்றாலே பயப்படுகிற பணியாளர்களும் அதில் வர மாட்டார்கள்.

நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தேதி குறியுங்கள். ஜூலையில் உத்தரவும் புள்ளி நோட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டங்கள். அக்டோபரில் தொகுப்பு. நவம்பர் தேர்வு மாதம், யாரையும் கூப்பிடாதீர்கள். டிசம்பரில் வரைவு, பொங்கல் கழித்து இரண்டாம் சுற்று. மாசி–பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால் ஊர் வேறு வேலையில் இருக்கும். அதற்குள் மக்களிடம் கேட்க வேண்டியதை முடித்துவிடுங்கள்.

ஆறாம் படி: தொகுத்தலும் பதில் சொல்லுதலும்

சார்ட்டுகளையும் சீட்டுகளையும் எண் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துத் தலைப்பு வாரியாகப் பிரியுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கே உங்கள் சொந்த ஆசை நுழைந்திருக்கும். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு யார் சொன்னார்கள் என்பதையும் குறியுங்கள். மூன்றே மாற்றுத்திறனாளி மாணவர்கள் சாய்தளம் கேட்டிருப்பார்கள். முந்நூறு பேர் உணவகம் கேட்டிருப்பார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சாய்தளம் என்றைக்கும் வராது. ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் கருத்தைத் துறைப் பெயரோடு வெளியிடாதீர்கள். யார் சொன்னது என்று எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேட்டு முடித்த முப்பது நாளைக்குள் பதில் போக வேண்டும். மூன்று பத்தி கொண்ட ஒரு தாள் போதும்: இதைச் சொன்னீர்கள், இதைச் செய்யப்போகிறோம், இதைச் செய்ய முடியாது, காரணம் இது. மூன்றாவது பத்தியை எழுதத்தான் கை தயங்கும். அதை எழுதுங்கள். "முடியாது" என்பதைக் காரணத்தோடு சொன்னால் நம் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராமல் போவதைத்தான் பொறுக்க மாட்டார்கள். தாளை மின்னஞ்சலில் அனுப்பியதோடு நிற்காமல், சமையலறைக் கதவிலும் காவலாளி அறையிலும் ஒட்டுங்கள்.

ஏழாம் படி: பொட்டு வைத்துத் தேர்ந்தெடுத்தல்

கூட்டங்களில் இருநூறு யோசனை வந்திருக்கும். பதினைந்து ஆண்டுக்கு ஐந்தாறு முதன்மை வேலைகளுக்கு மேல் ஒரு நிறுவனத்தால் தாங்க முடியாது. குறைப்பதையும் சேர்ந்தே செய்யுங்கள். நாங்கள் செய்தது: இருபது யோசனைகளைச் சார்ட்டில் பெரிதாக எழுதி நூலக வாசலில் மூன்று நாள் ஒட்டினோம். கடைவீதியில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வாங்கினோம். மாணவருக்குச் சிவப்பு, ஆசிரியருக்குப் பச்சை, பணியாளருக்குக் கறுப்பு. ஆளுக்கு ஐந்து பொட்டு. ஒரே யோசனைக்கு ஐந்தையும் வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். மூன்றாம் நாள் மாலையில் சுவரே பேசியது. ஆய்வு இதழ்களுக்கான சந்தாவில் பச்சை குவிந்திருந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை. மாலை நேரப் பேருந்தில் மூன்று நிறமும் இருந்தன. மூன்று நிறமும் சேர்ந்த யோசனைகள் முதலில் திட்டத்துக்குள் வந்தன. ஒரே நிறம் குவிந்தவற்றுக்கு அந்தந்தப் பிரிவினரை மறுபடி அழைத்துப் பேசினோம். பொட்டின் எண்ணிக்கையே முடிவு என்று விட்டுவிடக் கூடாது. அது பேச்சைத் தொடங்கிவைக்க மட்டும்.

பிறகு ஒவ்வொரு முதன்மை வேலைக்கும் பொறுப்பாளர் பதவி, முதல் மூன்றாண்டுச் செலவு, பணம் வரும் வழி, ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய ஓர் அளவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். பொறுப்பாளர் என்று ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள், ஆள் மாறுவார். நிதி அலுவலர் இந்தக் கட்டத்தில் அறையில் இருக்க வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு ஒதுக்காத எந்த வேலையும் நடக்காது.

எட்டாம் படி: ஒப்புதலும் அதன் பிறகும்

ஆட்சிக்குழுவுக்குப் போகும் குறிப்பில், எத்தனைக் கூட்டம் நடந்தது, யார் யார் பங்கேற்றார்கள், எதில் கருத்து வேறுபட்டது என்பதை ஒரு பக்கமாக இணையுங்கள். ஒப்புதல் வந்ததும் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை அச்சடித்துப் புள்ளி நோட்டில் உள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள் திட்ட நாள். ஜூலை இரண்டாம் வாரம் என்று நிலையாக வைத்தால் புதிய மாணவர்களும் வந்திருப்பார்கள். அன்று புதிதாக எதையும் அறிவிக்க வேண்டாம். போன ஆண்டு சொன்னதில் எது நடந்தது, எது நின்றுபோனது, ஏன் என்பதை மட்டும் வாசியுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை, புதிய துணைவேந்தர் வந்த முதல் மாதத்தில், மாணவர், பணியாளர், ஆசிரியர், ஊர்க்காரர் என நால்வர் சேர்ந்து போய்த் திட்டத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். இது யார் பொறுப்பு என்பதையும் திட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்கும் இடமாறுதல் வரும். அதனால் ஒரு பீரோவில் ஒரு தட்டை இதற்கென ஒதுக்குங்கள். புள்ளி நோட்டு, மூலச் சார்ட்டுகள், உடனடி வேலைகள் தாள், பதில் தாள்கள், இன்னும் பதில் சொல்லப்படாத கேள்விகளின் பட்டியல் ஆகிய ஐந்தும் அங்கே இருக்க வேண்டும். சாவி இரண்டு பேரிடம். அடுத்து வருகிறவர் முதல் திட்ட நாளை நடத்தும்போது அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதி வையுங்கள். அதில் சமையலறை அம்மா பெயருக்கு எதிரே, அரிசி நோட்டோடு வரச் சொல்லவும் என்று ஒரு குறிப்பும் இருக்கட்டும்.